இடது கை மரத்துப்போன எட்டு நாட்கள்

அன்புள்ள மனைவிக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். மாப்பிள்ளை ஒரு பக்கம், பேத்தி அழுவது ஒரு பக்கம். அந்தக் கூட்டத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நீ மட்டும் படி. மகளிடம் கொடுக்காதே.

முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாய்க்கு நானே வாஷர் மாற்றிவிட்டேன், ஒழுகல் நின்றது. எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். நம் தளத்தில் இப்போது நான் மட்டும்தான். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் அது என்னுடையதாகத்தான் இருக்கும்.

புதுக் காய்ச்சலுக்கான தடுப்பூசி ஆய்வில் நான் சேர்ந்ததும், "இந்த வயசுல எதுக்கு உங்களுக்கு வேண்டாத வேலை" என்று நீ கோபித்துக்கொண்டாய். ஊசியால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் என்னால்தான் வந்தது.

ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, நம்மைக் கவனிக்கிற நர்ஸுக்கும் தெரியாது. முதல் ஊசி போட்டதும் ஒரு அட்டையும் தெர்மாமீட்டரும் சின்ன ஸ்கேலும் கொடுத்து அனுப்பினார்கள். தினமும் காய்ச்சல் பார்க்க வேண்டும், ஊசி போட்ட இடத்து வீக்கத்தை அளக்க வேண்டும், தலைவலி, உடம்புவலி, அசதி என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போட வேண்டும். முப்பத்தோரு வருடம் வானிலை நிலையத்தில் வெப்பநிலை பார்த்து எழுதியவனுக்கு இது பிடித்த வேலைதானே. ஒரு நாள்கூட குத்துமதிப்பாக எழுதாதவன் நான். மழையில் நனைந்துகொண்டு போய் அளவு பார்த்துவிட்டு வருவேன், நீ கதவைத் திறந்துகொண்டே திட்டுவாய்.

முதல் வாரம் தினமும் மாலை ஐந்தரைக்கு நர்ஸ் போன் செய்தாள். நம் மகளைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, "வேற ஏதாவது சொல்லணுமாங்க ஐயா?" என்று கேட்பாள். அது அவளுடைய தாளில் அச்சடித்த கடைசிக் கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன். சோறு தினமும் குழைந்துபோகிறது என்று சொன்னேன். "தண்ணிய கொஞ்சம் குறைச்சு வைங்க ஐயா" என்றாள். மறுநாள், "இன்னைக்கு சோறு எப்படி வந்துச்சு?" என்று அவளாகவே கேட்டாள். நாலரை மணிக்கே முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போனில் முகம் தெரியாது என்பது எனக்கும் தெரியும். நீ சிரிக்காதே.

ஏழாம் நாள், "நல்லா இருக்கீங்க ஐயா. இனிமே மாசத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவோம்" என்றாள். அதற்குப் பிறகும் ஐந்தரை மணி தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

ஐந்தாவது வாரம் அது நடந்தது. அட்டையின் பின்பக்கம், ஏதாவது தொந்தரவு வந்தால் எழுத இடம் விட்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேனாவை எடுத்து, 'இடது கை மரத்துப்போகிறது' என்று எழுதினேன். என் கை மரத்துப்போகவில்லை. எழுதிவிட்டு ஆய்வு மையத்துக்குப் போன் செய்து படித்தும் காட்டினேன். தலைவலி என்று எழுதியிருந்தால் மாத்திரை போடச் சொல்லி விட்டிருப்பார்கள் என்று யோசித்துத்தான் எழுதினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

ஒரு மணி நேரத்தில் வண்டி வந்தது. மையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். கையில் ஒயர் ஒட்டி நரம்பைப் பார்த்தார்கள். டாக்டரம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது தெரியுதா? இது?" என்று கேட்டார். நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு என் கையை யாரும் அப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை. தெரிந்த விரல்களையும் தெரியவில்லை என்றேன். அதன் பிறகு தினமும் இரண்டு வேளை போன். சில நாள் அந்த நர்ஸ் பெண்ணே வீட்டுக்கு வந்தாள். உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினாள். எட்டு நாள் அப்படிப் போயிற்று. சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் மையத்துப் பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தையல்காரப் பெண், நாற்பது வயது இருக்கும். இரண்டாவது ஊசிக்கு வந்தவளைத் திருப்பி அனுப்புகிறார்களாம். "யாருக்கோ கை மரத்துப்போச்சாம். எல்லாருக்கும் ஊசிய நிறுத்தி வச்சிட்டாங்க. இனி நடக்குமோ நடக்காதோ" என்றாள். அவளுடைய மகனுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனமாம். காய்ச்சல் பரவுகிறது என்று இரண்டு வருடமாக அவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஊசி சீக்கிரம் வெளியே வரட்டும் என்றுதான் அவளே இதில் சேர்ந்தாளாம். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே ஐயா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

உள்ளே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்றார். போன் வரும் என்றுதான் என்றேன். என் அட்டையை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு மரத்துப்போச்சுன்னீங்க, நம்பினோம். இன்னைக்கு இல்லைங்கிறீங்க. இதை நாங்க எப்படி நம்புறது, சொல்லுங்க" என்றார்.

என் வார்த்தையை வைத்து மட்டும் ஊசியைத் திரும்ப ஆரம்பிக்க முடியாதாம். எல்லாச் சோதனையும் மறுபடி செய்தார்கள். வேறொரு டாக்டர் தனியாக வந்து பார்த்தார். ஆய்வை மேற்பார்வையிடுகிற குழு கூடிப் பேசியது. மொத்தம் இருபது நாள் எல்லோருக்கும் ஊசி நின்றது. அந்தப் பையன் பள்ளிக்குப் போவதும் இருபது நாள் தள்ளிப்போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அட்டையில் நான் எழுதியதை அழிக்கவும் கூடாதாம். படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 'இது உண்மை அல்ல' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடச் சொன்னார்கள். கையெழுத்துப் போடும்போது நர்ஸ் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

இப்போது மறுபடி ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். தையல்காரப் பெண் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு பஞ்சை அழுத்தியபடி போனதைப் பார்த்தேன். எனக்கு இரண்டாவது ஊசி கிடையாது. ஆனால் ஒரு வருடம் என்னைக் கவனிப்பார்கள், மாதம் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். போன வாரம் போனும் வந்தது. அந்த நர்ஸேதான். கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். கடைசியில், "வேற ஏதாவது சொல்லணுமாங்க ஐயா?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். சற்றுப் பொறுத்து, "சரிங்க ஐயா, உடம்பப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள். அந்தக் கடைசி வார்த்தை தாளில் அச்சடித்ததா, அவளுடையதா என்று தெரியவில்லை.

இந்த ஒரு வருடத்துக்குப் புதுப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவசரம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் நேரில் வரக்கூடிய உறவினர் யார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மேசை மேல் நாலு நாளாகக் கிடக்கிறது. மற்றதையெல்லாம் நிரப்பி, இனிமேல் உண்மையை மட்டுமே எழுதுவேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பேத்திக்கு நீ வேண்டும், தெரியும். மகள் வேலைக்குப் போக வேண்டும், அதுவும் தெரியும். இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். குழந்தை உன்னை விட்டு இருக்கப் பழகிவிட்டால் ஒரு வரி எழுது. 'ஒன்றும் அவசரமில்லை' என்று இந்த இடத்தில் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். இனிமேல் இல்லாததை எழுதுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்