கறுப்பில் நட, வெள்ளையில் கால் வைக்காதே

அன்பு மகள் மாலியாவுக்கு, அம்மா பிபியானே எழுதுவது. நீயும், வயிற்றில் இருக்கும் பிள்ளையும், மாப்பிள்ளையும் சுகமாக இருக்கக் கர்த்தர் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம், நாய்கள் சுகம், உன் சித்தப்பா சோஃபுஸ் சுகம். அப்பா சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, அந்த ஒரு வரியை எழுதுகிற வரைக்கும் இந்தக் கடிதத்தை ஒட்டப் போவதில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் என் குரலை வைத்தே நீ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய், ரத்தக்கொதிப்பு ஏறிக் கிடக்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று கோபன்ஹேகன் டாக்டர் உனக்குச் சொல்லியிருக்கும்போது நான் வாயைத் திறப்பேனா. இந்த ஊரில் யாராவது உனக்குப் போன் போட்டால் அவர்கள் வாசலில் நம் நாய்களை அவிழ்த்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன்னோடு படிக்கிற தோழி சிக்னே வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். நல்ல பெண், சீல் கறி சூப்பை இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள், கொசுவுக்கு மட்டும்தான் அழுதாள். நீ வர முடியாத குறைக்கு அவளைக் கரைக்கு அப்பால் மலையெல்லாம் மூடிக் கிடக்கிற பெரும்பனி மேலே கூட்டிப்போய் நீ படிக்கிற பனிப்பாசியை அள்ளிக்கொண்டு வருகிற வேலையை அப்பா தன் தலையில் போட்டுக்கொண்டார். படகில் ஏறும்போதும் கேலிதான். "ஊர்ல உள்ள பொண்ணுங்க அப்பன்கிட்ட கருவாடு அனுப்பச் சொல்லுதுங்க, எங்க அம்மா அழுக்குத் தண்ணி அனுப்பச் சொல்றா" என்று கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் போனார். போன கோடையில் நீ அவரைப் பனி விளிம்பில் நிறுத்தி வைத்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அந்தப் பாசி வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி உடம்பில் கறுஞ்சிவப்புச் சாயம் ஏற்றிக்கொள்கிறது, அந்தச் சாயம் சூட்டை இழுத்துப் பனியைக் கரைக்கிறது, ஆனால் அது குடியிருப்பது பழைய கெட்டிப் பனியின் மேலே, நடுவில் வெள்ளையாகத் தெரிகிற பட்டை போன குளிர்காலத்தில் பெய்த பனி, அடியில் வெடிப்பு இருந்தாலும் மூடி மறைத்துவிடும் என்றாய். "அப்பா, இங்க கறுப்பா இருக்குற எடத்துல நட, வெள்ளையில கால வைக்காத" என்று நீ சொன்னபோது அவர் எப்படிச் சிரித்தார் என்று நினைவிருக்கிறதா. கடல்பனியில் கறுப்பு என்றால் மெல்லிசு, அடியில் தண்ணீர், ஆளையும் நாயையும் வண்டியையும் சேர்த்து விழுங்கும், வெள்ளைதான் தாங்கும். இங்கே பிள்ளை நடக்கப் பழகும்போதே காதில் போடுகிற பாடம் அது. "கடலுக்கு ஒரு சட்டம், மலைக்கு ஒரு சட்டமா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சிக்னே மட்டும் தனியாகப் படகை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். தூரத்தில் படகில் ஒரு தலைதான் தெரிகிறது என்றபோதே கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். குப்பிகளை நிரப்பிக்கொண்டு திரும்புகிற வழியில் அகலமாக ஒரு கறுத்த இடம் குறுக்கே வந்திருக்கிறது. அவள் நேராகப் போகலாம் என்றிருக்கிறாள், அப்பா அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வெள்ளைப் பட்டைப் பக்கம் திருப்பிவிட்டு, முன்னால் நடந்திருக்கிறார். பேசிக்கொண்டே போன மனிதர், அவள் கண் முன்னாலேயே இல்லை. பனி உடைந்து, அடியில் இருந்த வெடிப்புக்குள்ளே ஒரு திட்டில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார், கால் முறிந்திருக்கிறது, அவசரப் போன் இருந்த பை இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. ஒற்றை ஆளாக அவளால் தூக்க முடியவில்லை, கயிறும் உள்ளே புகுந்து தூங்குகிற பையும் ரொட்டியும் இறக்கிவிட்டு, மேலே சிவப்புத் துணியை நட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். கிளம்பும்போது உள்ளேயிருந்து கத்தினாராம், "கறுப்புலயே போ பொண்ணே, எங்க அம்மா சொன்ன வழியில போ" என்று. உன்னைத்தான் சொல்கிறார். தன்னைப் பெற்ற தாய் இறந்துபோன அதே வருஷத்தில் நீ பிறந்தாய் என்று அவள் பெயரை உனக்கு வைத்து அன்று முதல் உன்னை அம்மா அம்மா என்று கூப்பிடுகிற மனிதர், அந்த அம்மா சொன்ன சொல்லை மேலே நிற்கும்போது கேட்கவில்லை, குழியில் விழுந்த பிறகு கேட்டிருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, நாலு அறை கொடுக்கலாம் போலவும் வந்தது.

மூடுபனி இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஊர் ஆண்கள் கயிறும் ஏணியும் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள், அங்கேயும் அதே கூத்து. வெள்ளைப் பட்டை ஓரமாகவே போய்விடலாம், கறுப்பை மிதிக்கவே கூடாது என்று சோஃபுஸ் வழி சொல்கிறான், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். கூடாது என்று சிக்னே சொன்னதற்கு, "நேத்து வந்த பொண்ணு எங்களுக்குப் பனியக் காட்டுதா" என்று ஒரு கேள்வி. நான் மீன் அறுத்துக்கொண்டிருந்த கத்தியோடு அப்படியே போய் நின்றேன். "உங்க அண்ணனும் இதத்தான் சொன்னாரு, சொல்லிட்டு இப்ப எங்க கெடக்காருன்னு பாரு சோஃபுஸ். இவ முன்னால நடப்பா. இவ கால் வச்ச எடத்துல நீங்க கால் வைப்பீங்க. முடியாதுன்னா படகுச் சாவி என் இடுப்புலயே இருக்கட்டும், நானும் இவளும் போய்க்கிறோம்" என்றேன். "அண்ணி, மொதல்ல கத்தியக் கீழ போடுங்க" என்றான். சாவியைக் கொடுத்தேன், கத்தியைப் போடவில்லை. போனார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். ராத்திரியிலும் வெளிச்சம் போகாத மாதம், இருந்தும் ஜன்னலுக்கு வெளியே பால் ஊற்றின மாதிரி மூடிக் கிடக்கிறது, நம் படகுத்துறையே தெரியவில்லை. ரேடியோவில் இரைச்சல்தான் வருகிறது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். ஹன்சீனே வந்தாள், என் முதுகைத் தடவிக்கொண்டே, "மனசத் தேத்திக்க பிபி, மாலியாவுக்குப் புள்ள பொறக்கப் போகுதுல்ல, பேரு வீட்டுக்கே திரும்பி வந்துரும்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். போனவர் பெயரை அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு வைத்து, அவரே வந்துவிட்டார் என்று கட்டிக்கொள்கிறவர்கள்தானே நாம், இழவு வீடுகளில் நானே எத்தனையோ பேரிடம் இதே ஆறுதலைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருத்தி சொன்னபோது பொறுக்கவில்லை. அவள் கையிலிருந்த காப்பிக் கோப்பையைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கதவைக் காட்டினேன். குடித்துக்கொண்டிருக்கிற காப்பியைப் பிடுங்கினவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாலியா, பேரப்பிள்ளையை நினைத்தால் சந்தோஷப்பட வேண்டியவள், இன்றைக்கு அதை நினைக்கவே பயப்படுகிறேன். அது பிறக்கும்போது அப்பாவின் பெயர் காலியாக இருக்கக் கூடாது, எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. உன் மேலும் கோபம் வருகிறது, ஒளிக்கவில்லை, உலகத்தில் படிக்க எவ்வளவோ இருக்க நீ போய் இந்த அழுக்கைப் படித்தாயே என்று. நாய்கள் திடீரென்று எழுந்து நிற்கின்றன, நான் போய்ப் பார்க்கிறேன்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன், தூங்கி எழுந்து, தலை சீவிக்கொண்டு. அன்றைக்கு இன்ஜின் சத்தம் கேட்டது, படகு கண்ணில் படவில்லை. நல்ல சேதியோடு வருகிறவர்கள் தூரத்திலேயே கையை ஆட்டிக் கத்துவார்கள், இவர்கள் ஒரு சத்தமும் போடவில்லை. மூடுபனியிலிருந்து படகு வெளியே வந்தபோது சோஃபுஸ் ஓட்டுகிறான், சிக்னே குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், மற்றவர்கள் நிற்கிறார்கள், அப்பா மட்டும் இல்லை. நான் தண்ணீருக்குள்ளேயே இறங்கப் போனேன், ஹன்சீனேதான் பிடித்துக்கொண்டாள், துரத்தியும் அவள் கரையை விட்டுப் போகவில்லை. அப்போது படகின் அடியிலிருந்து, "டேய் சோஃபுஸ், கல்லுல இடிக்காம ஓட்டுடா, எனக்கு இன்னொரு காலுதான்டா மிச்சம்" என்று ஒரு குரல். மாலியா, அப்பா சுகம். எழுதிவிட்டேன், பார். கால் இரண்டு இடத்தில் முறிந்து டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறார், இந்தக் குளிர்காலம் நாய்வண்டி கிடையாது என்று டாக்டர் சொல்லியாயிற்று, அதற்கு அவர் டாக்டரைத் திட்டியாயிற்று. குழிக்குள் கிடந்த நேரமெல்லாம் உன் குப்பி ஒன்றைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, குளிர் படாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். சூடு பட்டால் அந்தப் பாசி செத்துவிடுமாம், சிக்னே என்னிடம் மட்டும் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. சோஃபுஸ் ஒவ்வொரு கறுத்த இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டுதான் மிதித்தானாம், ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஹன்சீனேவுக்குப் புதுக் காப்பி போட்டுக்கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

உப்பைக் குறை, காலை உயர்த்தி வைத்துப் படு, மாப்பிள்ளையைச் சமைக்கச் சொல், கருகினாலும் சாப்பிடு. நீயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பத்திரமாகப் பிரிந்து, எங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்க ஆண்டவர் அருள்வார், அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் இதை மட்டும் செய். பிள்ளைக்கு நல்லதாக ஏதாவது பெயர் பார்த்து வை, ஏனோக் என்ற அப்பா பெயர் மட்டும் கிடையாது. ஹன்சீனே சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா உனக்குச் சொல்லச் சொன்னார், "அம்மாகிட்ட சொல்லு, அந்தப் பேர நானே இன்னும் வச்சுக்கிட்டு இருக்கேன், யாருக்கும் குடுக்குறதா இல்ல" என்று.

இப்படிக்கு,
அந்தப் பெயரைத் திட்டிக்கொண்டே அதற்குச் சூப் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற
உன் அம்மா, பிபியானே