கிணற்றைப் பற்றிய ஒன்பதாம் கேள்வி

நேற்றுப் பாடசாலைக் கந்தோரில் தவணைப் பரீட்சைத் தாள்களை றோணியோ இயந்திரத்தில் படியெடுத்தோம். கை முழுக்க மை. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் வாசனை போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது உமது நினைவு வந்தது. நீர் இறந்துபோய் ஏழு மாதம். நினைவு வந்தது என்றுதான் சொல்கிறேன். துக்கம் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

பல்கலைக்கழக முதல் வருடத்தில் இதே வாசனை அடிக்கும் படிவங்களைத்தான் நாம் கட்டிலில் பரப்பி வைத்திருந்தோம். சமூகவியல் அறிமுக வகுப்பில் விடுமுறைக்கு ஒரு பயிற்சி தந்திருந்தார்கள்: சொந்த ஊரில் இருபது வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்டு, அறிக்கை எழுத வேண்டும். நம் இருவருக்கும் ஊர் புளியங்கூடல் என்பதால் ஒரே அறிக்கையாக எழுதினோம். ஒரே ஊர் என்றாலும், விடுதியில் ஒரே அறை கிடைக்கும்வரை நாம் பேசியதில்லை. உமது சாதி வேறு, எங்கள் சாதி வேறு. ஊரில் அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. விடுதியில் ஒரே கோப்பையில் தேநீர் குடித்தோம். அதற்காக நான் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்லிவிடலாம்.

பாடத்தில் எனக்குப் பிடித்தது சமூகத்தை ஓர் உடம்பாகப் பார்க்கும் நோக்கு. ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையைச் செய்தால் முழு உடம்பும் சுகமாக இருக்கும். பக்கம் பக்கமாக எழுதுவேன். நீர் படுத்திருந்தபடி சிரிப்பீர். "காணியும் கிணறும் உள்ளவைக்குச் சமூகம் எப்பவும் நல்லாத்தான் வேலை செய்யும்" என்பீர். உமக்குப் பிடித்தது முரண்பாட்டு நோக்கு: யார் கையில் என்ன இருக்கிறது, யார் காத்து நிற்கிறார்கள் என்று கேட்பது. அது கோபக்காரரின் கொள்கை என்று நினைத்தேன். ஆனால் நீர் கோபக்காரி இல்லை.

படிவங்களை அடுக்கும்போது எங்கள் வீட்டுப் படிவம் உமது கைக்கு வந்தது. நானே நிரப்பி, வீட்டுத் தலைவரான என் ஐயாவிடம் கையெழுத்து வாங்கியது. ஒன்பதாம் கேள்வி, வீட்டுக் கிணற்றில் யார் யார் தண்ணீர் அள்ளலாம் என்பது. 'எல்லாரும்' என்று எழுதியிருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை, அப்படித்தான் நம்பினேன். ஊரில் பாதிக் கிணறு உவர். எங்களுடையது நல்ல தண்ணீர். கேட்டு வந்த யாரும் வெறுங்குடத்தோடு திரும்பியதில்லை.

நீர் அந்தப் பதிலின் மேல் விரலை வைத்தீர்.

"நான் உங்கடை வேலிக்கு வெளியிலை குடத்தோடை நிண்டனான். தெரியுமோ?"

"ஓம். ஆனா தண்ணி குடுத்தவைதானே?"

"குடுத்தவை. உம்மடை அம்மா அள்ளிக்கொண்டு வந்து, வாளி குடத்திலை முட்டாமல் உயர்த்தி ஊத்துவா. கிணத்துத் துலாக்கயிறை நான் ஒருக்காலும் தொட்டதில்லை. இதிலை கேட்டிருக்கிறது அள்ளுறதைப் பற்றி."

சமூக நெறிகள் அவற்றுக்குள் வாழ்பவரின் கண்ணுக்குப் படுவதில்லை என்று பாடக்குறிப்பில் அழகாக எழுதி வைத்திருந்தவள் நான்.

"மாத்துவமோ?" என்று கேட்டுப் பென்சிலை நீட்டினீர்.

"ஐயா கையெழுத்து வைச்ச தாள். பிறகு மாத்தினால் சரியில்லை. பயிற்சிதானே, விடும்" என்றேன். கையெழுத்து ஒரு சாட்டு. விரிவுரையாளர் எங்கள் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார் என்ற வெட்கம்தான் உண்மை. நீர் பென்சிலை எடுத்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போனீர். அறிக்கையில் அந்த வரியை எழுதியது நீர்தான்: நல்ல தண்ணீர்க் கிணறுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அறிக்கைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அதன் பிறகும் சிநேகிதிகளாகத்தான் இருந்தோம். உமது வீட்டைப் பற்றி மட்டும் நீர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

நெடுந்தீவில் படிப்பித்துக்கொண்டிருந்த உம்மைக் காய்ச்சல் கொண்டுபோனது. உமது உடலை லோஞ்சுப் படகில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அன்றுதான் முதல் தடவை உமது வீட்டுப் படலைக்குள் வந்தேன். நல்ல மத்தியான வெயில், நாக்கு வறண்டிருந்தது. உமது அம்மா உமது தலைமாட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, யாரையோ கடைக்கு அனுப்பி, சோடாப் போத்தல் ஒன்றைத் தாமே கொண்டுவந்து என் முன்னால் நின்றார்.

"எங்கடை தண்ணி நீங்கள் குடிக்க மாட்டியள், பிள்ளை. அதுதான் மூடி கழட்டாமல் கொண்டந்தனான்."

பக்கத்திலேயே தண்ணீர்க்குடம் மூடியிருந்தது. 'தண்ணி தாங்கோ அம்மா' என்றால் போதும். நான் கையை நீட்டிச் சோடாவை வாங்கினேன். அவரே மூடியைக் கழற்றித் தந்தார். சூடாகவும் இனிப்பாகவும் இருந்தது. அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நான் குடித்து முடிக்கும்வரை உமது அம்மா என் பக்கத்திலேயே நின்றார். வெறும் போத்தலை வாங்கிக்கொண்ட பிறகுதான் உம்மிடம் திரும்பிப் போனார். உம்மோடு அவர் இருப்பதற்கு அந்தப் பகல் மட்டுமே மிச்சமிருந்தது. அதிலும் கொஞ்ச நேரத்தை நான் குடித்துவிட்டேன்.