மோருக்குக் கொடுத்த காசு

அக்கா,

இன்று சங்ககிரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டயர் பட்டறையின் ரப்பர் வாடைதான் முதலில் வந்து மோதியது. பழைய லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டிச் சூடேற்றும் அந்த வாடை உங்களுக்கு ஆகவே ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்ணை மூடிக்கிட்டு வந்தாலும் உங்க பக்கத்து ஊரு தெரிஞ்சுடும்டி" என்பீர்கள். நீங்கள் ஆத்தூர்க்காரர், நான் திருச்செங்கோட்டுக்காரி. நான் நாய்க்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுகிறவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள். இன்று கிண்டல் செய்ய யாரும் இல்லை. வாடையை முழுசாக இழுத்துக்கொண்டே கோர்ட்டுக்கு நடந்தேன்.

பாவாயி விஷயமாகத்தான் போனேன். ஆடு வேலி தாண்டியதற்காகப் பக்கத்துக் காட்டுக்காரன் மண்வெட்டிக் காம்பால் அடித்து, வலது கை விளங்காமல் போன அதே பாவாயி. தறி ஓட்டிப் பிழைத்தவளுக்குக் கை போனால் என்ன மிஞ்சும்? அவன் ஜெயிலுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். தவணை முறையில் அவளுக்குக் கட்டச் சொன்ன நஷ்டஈடு மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை.

தீர்ப்பு ஒரு நாளில் வந்துவிடும், பணம் வருவதற்குத்தான் செருப்புத் தேய வேண்டும் என்பீர்கள். அந்தச் செருப்புத் தேய்மானத்துக்குத்தான் அரசாங்கம் நம் உதவி மையத்துக்கு நிதி கொடுத்தது. சேலத்தில் ஒரு சின்ன அறை, நம் இரண்டு பேர் சம்பளம், வசூல் மனுப் போடும் வக்கீலுக்கு ஒரு தொகை, பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்கு வந்துபோகப் பஸ் செலவு. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் அது இருந்ததால் அடித்தவன் தவணை தவறினால் கேட்க ஆள் இருந்தது.

அந்த மோர்க் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தன்னிடம் சல்லிக்காசு இல்லை என்று அவன் கோர்ட்டில் சொல்லியிருந்தான். அவன் வீட்டு வாசலில் டிராக்டர் நிற்கிறதா என்று பார்க்க நாம் இருவரும் போனோம். பங்குனி வெயில். டிராக்டர் யார் பெயரில் இருக்கிறது என்று நான் தெருவில் விசாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனுடைய அம்மா, "வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் மோரு குடிங்க சாமி" என்று செம்பை நீட்ட, நீங்கள் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு வெளியே வந்தீர்கள்.

எங்கள் பக்கத்தில் பகை இருக்கும் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். பாவாயிக்காகப் போனவர் நீங்கள். நீங்கள் குடித்தால் அவளே குடித்த மாதிரி. நாம் போய்ச் சேருவதற்குள் சேதி அவள் வீட்டுக்குப் போய்விட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவிய ஊட்டு மோரக் குடிச்ச வாயில எங்கூட்டு நாயம் பேசாதீங்க. போயிட்டு வாங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் விளக்கிச் சொன்னதும் உங்களுக்கு வழக்கம்போல மூக்குக்கு மேல் கோபம். "தாகத்துக்குக் குடிச்சதுக்கு ஒரு பஞ்சாயத்தா? என்ன ஊருடி இது!" என்று என்மேல் பாய்ந்துவிட்டு, மதகுக் கட்டையில் உம்மென்று உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று அவன் வீட்டுக்கே திரும்பினீர்கள். நான் பின்னால் ஓடி வந்தேன்.

"மோர் என்ன விலைம்மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டீர்கள்.

"மோருக்கு ஆராச்சும் காசு வாங்குவாங்களா? என்ன பேச்சுங்க இது?" என்றாள் அந்த அம்மா.

"சும்மா குடிச்சா உறவு. காசு குடுத்தா வியாபாரம். எனக்கு இந்த வீட்டோட உறவு வேண்டாம்" என்று சொல்லி, டிராக்டர் சீட்டின் மேல் காசை வைத்துவிட்டு வந்தீர்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "காசு குடுத்துட்டா அது கடை மோருதானுங்க" என்று ஒருத்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள். நாம் திரும்பி வந்தபோது பாவாயி வீட்டுக் கதவு திறந்திருந்தது.

நீங்கள் அதோடு விட்டீர்களா? அந்த மாதப் பயணச் செலவில் மோரையும் எழுதினீர்கள். மேலதிகாரி சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். "என் காசுல குடுத்தா அது என் சொந்த வீம்பு ஆயிடும் சார். அரசாங்கம் குடுத்தாத்தான் கணக்கு நேராகும்" என்று அவரோடு மல்லுக்கு நின்றீர்கள். அவர் அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். கடைசியில் உங்கள் கைக்காசுதான் போனது. ஆனால் நீங்கள் சொன்னதில் அர்த்தம் இருந்தது, அக்கா. பொதுப்பணம் நடுவில் நின்றவரை பாவாயி யார் தயவுக்கும் காத்திருக்கவில்லை. அவனும் இரக்கப்பட்டுக் கொடுத்ததாகப் பேசிக்கொள்ள முடியவில்லை. டிராக்டர் அவன் பெயரில் இருப்பதை நாம் காட்டிய பிறகு அவன் கோர்ட்டில் கட்டினான், அவள் கோர்ட்டில் வாங்கினாள்.

அப்புறம், இந்த வருடம் ஒதுக்கீடு இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். நான் சூரமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடப் போனேன். நீங்கள் மட்டும் வேலை போன பிறகும் சொந்தச் செலவில் வாய்தாவுக்கு வாய்தா போய்க்கொண்டிருந்தீர்கள், ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து விழுகிறவரை. சாவுச் சேதி கேட்டு ஆத்தூருக்கு வந்தேன். "நீங்க என்ன வேணும்?" என்று உங்கள் நாத்தனார் கேட்டார். "கூட வேலை பார்த்தவளுங்க" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். உறவுப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பந்தல் காலோரம் நின்றிருந்தேன். சிநேகிதிக்கு என்று அங்கே ஒரு முறையும் இல்லை. அழாமலே பஸ் ஏறிவிட்டேன்.

கேட்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் பாவாயியை அடித்தவன் பணம் கட்டுவதை நிறுத்தினான். தை மாதம் பெரிய மனிதர்களை விட்டுப் பேசச் சொன்னான். பாக்கியில் பாதி தருகிறேன், வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிட்டு எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்று. பாவாயி எனக்குப் போன் செய்தாள்.

"பாதியாச்சும் வருமுன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க சாமி?"

நான் என்ன சொல்ல? அறை இல்லை, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, நீங்களும் இல்லை. "வாங்கிக்கிட்டா நான் தப்புச் சொல்ல மாட்டேனுங்க. கோர்ட்டுக்குப் போறதுன்னா இனி நான் ஒருத்திதான் வருவேன்" என்று உள்ளதைச் சொன்னேன்.

"அந்தம்மா ஒரு செம்பு மோருக்கே காசு வெச்சுட்டு வந்துது. நான் போயி எலை போட்டு உக்காந்தா நல்லாருக்குமுங்களா? எப்ப வரணுமுன்னு சொல்லுங்க, வாரேன்."

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போட்டோம். அதற்குத்தான் இன்று வாய்தா. "நீங்க எந்த ஆபீஸும்மா?" என்று வாசலில் கேட்டார்கள். முன்பென்றால் நீங்கள் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டுவீர்கள். "ஆபீஸ் இல்லைங்க, அவங்க கூட வந்திருக்கறேன்" என்றேன். பாக்கி முழுவதையும் கட்ட வேண்டும், தவறினால் டிராக்டரை ஜப்தி செய்யலாம் என்று உத்தரவானது. சந்தோஷத்தில் "அக்கா" என்று திரும்பிவிட்டேன். பின்னால் வேறு வழக்குக்கு வந்த யாரோ ஒருவர் பீடிக்கட்டைத் தேடிக்கொண்டு நின்றார். இவ்வளவு தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. உத்தரவு வந்துவிட்டதே தவிரப் பணம் இன்னும் வரவில்லை. தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று இன்னும் அலைய வேண்டும். கடையில் லீவு தர முணுமுணுப்பார்கள். பரவாயில்லை, அலைவேன். உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த அலைச்சல்தான்.

பஸ் ஸ்டாண்டில் பாவாயி ஊருக்குப் போகும் டவுன் பஸ் முதலில் வந்தது. ஏறச் சொன்னேன். அவள் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

"அடுத்த வண்டி எப்ப வருமோ, ஏனுங்க விட்டுட்டீங்க?" என்றேன்.

"அது வரப்ப வரட்டுமுங்க. நீங்க சேலம் பஸ் ஏறுங்க, அப்பறம் நான் போய்க்கறேன். முன்னயெல்லாம் ரெண்டு பேரா வருவீங்க. இன்னிக்குத் தனியா வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, நல்ல கையால் என் பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

நாம் எத்தனையோ பேருக்குத் துணையாகப் போய் நின்றிருக்கிறோம், அக்கா. நம்மிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. என் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகரும்வரை அவள் வெயிலில் நின்றாள். ஆத்தூர்ப் பந்தலில் அழாததையெல்லாம் சேலம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.