நீங்கள் வீட்டில் ஊதாத விசில்

இன்று காலை உங்கள் விசிலை ஊதினேன். தெருவே வெளியே வந்து பார்த்தது. அதன் துரு ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

எதிர்வீட்டுச் சேவியர் தன் காரை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். ஒரு சக்கரம் கழன்று கிடந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். அவற்றைப் பார்த்ததும் என் கை தானாகச் சாவிக்கொத்தில் தொங்கும் விசிலுக்குப் போனது.

துறைமுகத்தில் கிரேன்காரருக்குக் கை காட்டுவது உங்கள் வேலை. சரக்கு இறங்கும்போது கீழே யார் நின்றாலும் விசில் பறக்கும். "தொங்குத சரக்குக்குக் கீழ எங்க ஆபீசரே நின்னாலும் ஊதிருவேம்ளா" என்று வீட்டில் வந்து பெண்டாட்டி என்னிடம் பீற்றிக்கொள்வீர்கள். பீற்றிக்கொள்ள உரிமையும் இருந்தது. ஆனால் வாசலைத் தாண்டியதும் ஹெல்மெட் ஆணியில் ஏறும், கைலி இடுப்பில் ஏறும், அந்த மனிதர் எங்கே போவாரோ தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்ததும் நம் காருக்கு அடியில் போக வேண்டும் என்றீர்கள். நம் முற்றம் வெறும் கடல்மணல். ஜாக்கி புதைகிறதென்று அடியில் ஒரு ஹாலோ பிளாக்கைக் கொடுத்தீர்கள். உப்புக் காற்றில் பொரிந்துபோன கல் அது. மதிலுக்கு லாயக்கில்லை என்று நீங்களே ஒதுக்கிப் போட்டது.

"இது நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்கும்ளா. கண்டெய்னரையே இறக்குதவன் நான். ரெண்டு நிமிஷ வேலை. அந்த ஸ்பேனரை எடு" என்று சிரித்தீர்கள்.

எடுத்துக் கொடுத்தேன். அடுப்பில் குழம்பு கொதித்தது. உள்ளே போய் அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கல் உடைந்து வண்டி உங்கள் மேல் இறங்கிவிட்டது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் ஊதின வாய் தனக்கென்று வந்தபோது ஏன் ஊதவில்லை? என் மேலும் கோபம்தான். துறைமுகத்துக்காரருக்கு நான் என்ன சொல்ல என்று சும்மா இருந்துவிட்டேனே.

இன்று விசில் கேட்டதும் சேவியர் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "எதுக்குக்கா ஊதுதிய? ரெண்டு நிமிஷ வேலைக்கா."

"அந்த ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும். வெளிய வாலே."

முனகிக்கொண்டே வந்தான். உங்களுக்குப் பிறகு நான் வாங்கி வைத்திருக்கும் இரும்பு ஸ்டாண்டுகளை இழுத்து வந்தேன். மணலில் கனத்த பலகை, அதன்மேல் ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், பாரம் ஸ்டாண்டில் உட்கார வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். தரையில் நின்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவைத்தேன். பிறகு இரண்டு கையாலும் வண்டியை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

"இப்பப் போ."

வேலையை முடித்து எழுந்தவன் கையைத் துடைத்துக்கொண்டே, "என் ஜாக்கி நல்லாத்தான் நின்னுச்சு. நீங்க சும்மா பயந்திட்டிய" என்றான். அவன் மனைவியும் சிரித்தாள். இருக்கலாம். ஜாக்கி அப்படியே நின்றிருக்கலாம். அவன் என்னைக் கிறுக்கி என்று நினைத்துக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு உட்காரட்டும். எனக்கு அது போதும்.

அன்று உங்களிடம் ஒரு தடவைதான் கேட்டேன். நீங்கள் சிரித்ததும் உள்ளே போய்விட்டேன். இனி யார் சிரித்தாலும் நான் உள்ளே போவதில்லை. விசில் என் சாவிக்கொத்திலேயே இருக்கிறது.