வானம் என்று கழித்த வெளிச்சம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடவில்லையே? நான் நலம்தான்.

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் சேர்ந்த கூட்டத்தின் நடுவில், அக்கம்பக்கத்தை விழுங்கியே பெருத்த ஒன்று முட்டை வடிவில் உட்கார்ந்திருக்கும் என்று சொல்வேனே. அதன் வெளிச்சத்தை அளக்க, பக்கத்து வெற்று வானத்தின் வெளிச்சத்தை முதலில் கழித்துவிடுவோம். நேற்று பக்கத்து மேசைத் தோழி என் படத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, நீ வெறும் வானம்னு கழிச்ச இடம், அதுவும் அந்தக் குண்டனோட உடம்புதானே?” என்றாள். சிரித்தேன். பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதன் மங்கலான ஓரம் நான் நினைத்ததைவிட வெகுதூரம் பரவியிருக்கிறது. அதன் வெளிச்சத்தையே வானம் என்று கழித்திருக்கிறேன்; அச்சான என் மூன்று கட்டுரைகளும் தவறு.

“நான் வாயத் திறக்க மாட்டேன், உன் இஷ்டம்” என்றாள். அதுதான் பயமாக இருக்கிறது, நானும் சொல்லாமல் இருந்துவிடுவேனோ என்று. என் வேலையை நீட்டிப்பதா என்று எங்கள் துறைத் தலைவர் இந்த மாதம்தான் முடிவு செய்கிறார். நாற்பத்தொன்பது வயதில் இன்னொரு இடம் குதிரைக்கொம்பு. இருந்தாலும் நானே சொல்லிவிடலாம் என்று இன்று மூன்று மணிக்கு அவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அப்போது வேலையைப் பற்றிக் கேட்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்காக மாடிவீட்டுக்காரரோடு நடக்கும் சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்றாகப் போகிறது, அப்பா. எழுந்து போக வேண்டும்.

உங்கள் மகள்