கீழ் வீட்டு நாய் குறித்த புகார்

4 நவம்பர்

முதல் மாடியில் குடியிருப்பவருக்கு, இரண்டாம் மாடியிலிருந்து எழுதுவது.

வணக்கம். நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாயால் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்று சாதிப்பார்கள். எழுதியதை அப்படிச் சாதிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கட்டடத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று வாடகைப் பத்திரத்தில் ஒன்பதாம் வரியில் இருக்கிறது. உங்கள் நாய் மூன்று நாளாகக் குரைக்கிறது. இரண்டாம் தேதி விடியற்காலை 4.10 முதல் 4.35 வரை. மூன்றாம் தேதி 4.20 முதல் 5.05 வரை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. இன்று 3.50க்குத் தொடங்கியது. கைத்தடியால் தரையில் ஏழு முறை தட்டியும் நிற்கவில்லை. கூடவே உங்கள் குழந்தையும் அழ ஆரம்பித்தது. குழந்தை தூங்கும் அறையில் நாயைக் கட்டிப்போடுவது என்ன வழக்கமோ தெரியவில்லை.

சின்ன நாய் என்று நினைக்கிறேன். தொண்டை கட்டியிருக்கிறது. குரைத்து முடித்து மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது. அதை வைத்தியரிடம் காட்டுவது வளர்ப்பவர் பொறுப்பு.

நான் முப்பத்தொரு வருஷம் ஐஸ் தொழிற்சாலையில் கம்ப்ரசர் ஓட்டியவன். அரை மணிக்கு ஒரு முறை மெஷின் சத்தத்தைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. காதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் இரண்டு வீட்டுக் குளியலறை ஜன்னல்களும் ஒரே காற்றோட்டக் குழியைப் பார்த்துத் திறக்கின்றன. உங்கள் வீட்டில் குண்டூசி விழுந்தாலும் எனக்குக் கேட்கும்.

இதன் நகலை வீட்டுக்காரருக்கு இன்றே தபாலில் அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி


4 நவம்பர், மாலை

மேல் வீட்டு ஐயாவுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் நாய் இல்லை. நீங்கள் கேட்டது என் மகளின் இருமல். அவளுக்கு மூன்று வயது. பட்டாணி என்று கூப்பிடுவோம். அவளுக்குக் குரூப் வந்திருக்கிறது. பகலெல்லாம் ஓடியாடுகிறாள். விடியற்காலையில்தான் இப்படி.

நேற்று டாக்டரம்மாவிடம் காட்டினேன். தொண்டைக்குள் வீங்கியிருக்கிறது, மூன்று நாலு நாளில் தானாக வடியும் என்றார். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொள்ள வேண்டும், ஜன்னலைத் திறந்து குளிர்ந்த காற்று படவிட வேண்டும், வெந்நீர் ஆவி வேண்டாம், பிள்ளை தட்டிவிட்டால் வெந்துபோகும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக அழவிடக் கூடாதாம். அழுதால் தொண்டை இன்னும் இறுகுமாம். இன்று நீங்கள் தட்டியபோது பயந்துதான் அழுதாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தேற்ற முடியவில்லை. தயவுசெய்து தட்டாதீர்கள்.

அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். இருபதாம் தேதிதான் வருவார். நான் சீருடை தைக்கும் கம்பெனிக்கு ஏழு மணிக்குப் போக வேண்டும், பட்டாணியைப் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா பார்த்துக்கொள்கிறார். ராத்திரி கண்விழித்தாலும் பகலில் தூங்க வழியில்லை.

ஒன்று கேட்க வேண்டும். விசில் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவள் அழும்போது வந்ததா, சும்மா இருக்கும்போது வந்ததா? அதைக் கவனிக்கச் சொல்லி டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். தூக்கக் கலக்கத்தில் எனக்குப் புரியவில்லை.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


5 நவம்பர், காலை

முதல் மாடிக்கு,

பிள்ளைக்குக் குரூப் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் குரூப் என்று எழுதவில்லை. எனக்கு ஓ பாசிட்டிவ். ரத்தம் தேவையென்றால் நேராகக் கேட்கலாம். வயது அறுபத்தெட்டு, எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாது.

கேட்ட விவரம்: இரண்டு, மூன்று ஆகிய தேதிகளில் விசில் அழுகையோடு மட்டும். நான்காம் தேதி அழுகை நின்ற பிறகும் 4.51 முதல் 4.57 வரை இருந்தது. இன்று காலை அழுகையோடு மட்டும்.

குளிர்ந்த காற்று சரியான யோசனை. வீக்கம் குளிரில் சுருங்கும். இரும்பே சுருங்கும்போது தொண்டை எம்மாத்திரம்.

தட்டுவதை உங்களுக்காக நிறுத்தினேன் என்று எண்ண வேண்டாம். தரை கெட்டுப்போகிறது. கைத்தடிக்கு அடியில் ரப்பர் மாட்டியிருக்கிறேன்.

இரண்டாம் மாடி


5 நவம்பர், இரவு

மேல் வீட்டு ஐயாவுக்கு,

குரூப் என்பது அந்த நோயின் பெயர், ஐயா. ரத்தம் வேண்டாம். கேட்டதற்கு நன்றி.

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அழுகை நின்ற பிறகும் விசில் என்றதும் முகம் மாறிவிட்டது. பிள்ளையை நன்றாகச் சோதித்தார். பகலில் மூச்சு சீராக இருக்கிறது. “சும்மா இருக்கும்போது விசில் வந்தா, இல்ல நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தா, எனக்கு போன் பண்ணிட்டிருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க” என்றார்.

நான் தூங்கி நாலு நாளாகிறது. எனக்கே தெரியாமல் கண் சொக்கிவிடுகிறது. நேற்று தையல் மெஷினில் விரலை விட்டுக்கொண்டேன். தட்டாதீர்கள் என்று எழுதிய கையாலேயே இதையும் எழுதுகிறேன். விசில் கேட்டால் தட்டுங்கள். இரண்டு தட்டு போதும்.

பட்டாணியின் அம்மா


5 நவம்பர், இரவு 10.20

முதல் மாடிக்கு,

நான் யாருக்கும் காவற்காரன் இல்லை. ஓய்வு பெற்றவன்.

ரப்பரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் மாடி


8 நவம்பர்

மேல் வீட்டு ஐயாவுக்கு அன்பான வணக்கம்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டோம். பட்டாணி நன்றாக இருக்கிறாள். குரல்தான் இன்னும் கிழவி மாதிரி இருக்கிறது.

ஆறாம் தேதி நீங்கள் தட்டியபோது நான் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் அவள் என் மடியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை, இருமவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அழாமல் இருக்கிறாளே, தேவலை என்று நினைத்திருப்பேன். நீங்கள் தட்டியதால் அப்படி நினைக்கவில்லை.

போர்வையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது நீங்கள் படியில் நின்றீர்கள். ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தீர்கள். டாக்சியில்தான் பார்த்தேன். ‘3.38 தொடக்கம். அழுகை இல்லை. இடைவெளி இல்லை.’ அதை அங்கிருந்த டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “என்னம்மா, கடிகாரத்தைப் பாத்துட்டே உக்காந்திருந்தீங்களா?” என்றார். “நான் இல்ல சார். மேல் வீட்டுல ஒருத்தர் உக்காந்திருக்கார்” என்றேன். உடனே வாயில் ஒரு மருந்து கொடுத்தார்கள், முகத்தில் புகை மாதிரி வரும் மருந்தும் வைத்தார்கள். விடிவதற்குள் விசில் நின்றது.

வந்ததிலிருந்து, “டக்டக் தாத்தா எங்க?” என்று கூரையைப் பார்த்துக் கேட்கிறாள்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதம் கிடைத்து வீட்டுக்காரர் இன்று போன் செய்தார். நாய் இல்லை, பிள்ளையின் இருமல் என்று எத்தனையோ தடவை சொன்னேன். “அவர் எழுத்துல குடுத்திருக்கார். நீ வாயில சொல்ற. நாய் இல்லேன்னு அவரையே எழுதித் தரச் சொல்லு. இல்லேன்னா மாசக் கடைசியில சாவியைக் குடுத்துட்டுப் போயிடு” என்று வைத்துவிட்டார். ஒரு வரி எழுதித் தந்தால் போதும், ஐயா.

அன்புடன்,
பட்டாணியின் அம்மா


9 நவம்பர்

முதல் மாடிக்கு,

பிள்ளை வந்து சேர்ந்தது பற்றி அறிந்தேன்.

நீங்கள் கேட்டதைச் செய்ய இயலாது. காரணத்தைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் தொழிற்சாலைப் பதிவேட்டில் ‘சத்தம் சரி’ என்று அச்சடித்த கட்டம் இருக்கும். அதில் டிக் போடுவேன். ஒரு நாள் கம்ப்ரசரில் தட்டும் சத்தம் கேட்டது. டிக் போடாமல் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். “உன் காதைத்தான் மொதல்ல ரிப்பேர் பண்ணணும், போய்யா” என்றார். அவரே அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். மறுநாள் குழாய் வெடித்து ஒருவனுக்குக் கை வெந்தது. நான் எதுவும் சொல்லவில்லை என்று விசாரணையில் அவர் சாதித்தார். எட்டு மாதம் என்னை வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள்.

அந்த எட்டு மாதத்தில்தான் எழுத்தைக் கற்றுக்கொண்டேன். கடைப் பலகை, பஸ் பலகை, மருந்துப் பெட்டி எதையும் விடவில்லை. கற்றுத்தர யாரும் இல்லை. அன்று முதல் நான் எழுதிய எதையும் திரும்ப வாங்கியது கிடையாது. நாய் குரைக்கும் சத்தம் கேட்கிறது என்று எழுதினேன். கேட்டது. கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுத எனக்குக் கை வராது.

இரண்டாம் மாடி


10 நவம்பர்

மேல் வீட்டு ஐயாவுக்கு,

நான்காம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. ‘நாய் குரைக்கும் சத்தம்’ என்று அதில் எங்கும் இல்லை. ‘உங்கள் நாய் மூன்று நாளாகக் குரைக்கிறது’ என்று இருக்கிறது. நாயைக் கட்டிப்போட்டிருப்பதாகவும், அது சின்ன நாய் என்றும் இருக்கிறது.

நீங்கள் கேட்டதை மட்டும் எழுதவில்லை. பார்க்காததையும் எழுதினீர்கள்.

அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இன்றிலிருந்து வேறு வீடு பார்க்கிறேன். நீங்கள் செய்ததற்கு நான் பட்ட நன்றிக்கடன் தனி. அது இதில் குறையாது.

பட்டாணியின் அம்மா


13 நவம்பர்

முதல் மாடிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்காம் தேதிக் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது போல்தான் இருக்கிறது.

என் புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் என் மீது நீங்கள் புகார் கொடுப்பதை நான் தடுக்க முடியாது. இந்த வீட்டுக்காரரை எனக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும். ஒருவர் புகார் கொடுத்தால் மற்றவரைக் காலி செய்யச் சொல்வார். இரண்டு பேரும் கொடுத்தால் எழுந்து வரச் சோம்பல்பட்டு இரண்டையும் தலையணைக்கு அடியில் போட்டுவிடுவார். உங்களுக்கு நேரம் இருக்காது என்பதால் நானே வரைவு எழுதியிருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்பவும். தபால்தலை உள்ளே இருக்கிறது.

‘ஐயா, வணக்கம். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் முதியவர் மீது இந்தப் புகார். அவர் என் வீட்டுக்குள் ஒரு நாளும் வராதவர். காணாத நாயைக் கண்டதுபோல் தங்களுக்கு எழுதினார். என் வீட்டில் நாய் இல்லை, இருந்ததும் இல்லை. நோயுற்ற பிள்ளையின் இருமலைக் குரைப்பு என்று பதிந்தது, முப்பத்தொரு வருஷம் சத்தம் கேட்டுச் சம்பளம் வாங்கியவருக்கு அழகல்ல. மேலும் அவர் கைத்தடியால் தரையைத் தட்டித் தொந்தரவு செய்கிறார். நவம்பர் 4 விடியற்காலை ஏழு முறை. அதில் பிள்ளை பயந்து அழுதது, மூச்சு இறுகியது. நவம்பர் 6 விடியற்காலை 3.40க்கு இரண்டு முறை, ரப்பர் இல்லாமல். தக்க நடவடிக்கை எடுக்கவும்.’

எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். விவரத்தில் பிழை இல்லை.

இரண்டாம் மாடி


14 நவம்பர்

மேல் வீட்டுத் தாத்தாவுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எழுதும்போது சிரிப்பு வந்தது, பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ‘அழகல்ல’ என்பதை மட்டும் எழுத மனம் வரவில்லை. எழுதாமல் விட்டால் நீங்கள் கோபிப்பீர்கள் என்று எழுதினேன்.

உங்கள் வரைவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். நான் அனுப்பியதிலும் அது இல்லை. ஆறாம் தேதி 3.40க்கு இரண்டு முறை என்ற வரி. அது தொந்தரவு இல்லை.

அன்புடன்,
பட்டாணியின் அம்மா


20 நவம்பர்

முதல் மாடிக்கு,

வீட்டுக்காரர் நேற்று எனக்குப் போன் செய்தார். “ரெண்டு பேரும் எழுதி எழுதி என் உசிர வாங்காதீங்க. நாயோ நரியோ, இருக்கிறவங்க இருந்து தொலைங்க” என்றார். நீங்கள் வீடு மாற வேண்டியதில்லை என்பது இதன் பொருள். முறையாகக் கொடுத்த இரண்டு புகார்களைப் பற்றி இப்படிப் பேசியது குறித்து அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

அந்த வரியை நீங்கள் அடித்தது முறையல்ல. நடந்ததை அடித்தால் அது நடக்காததாகிவிடாது. திருத்தி எழுதித் தருவதற்காக அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். எப்போது தருவேன் என்று சொல்ல முடியாது.

பதிவு விவரம்: ஒன்பதாம் தேதி முதல் விடியற்காலையில் உங்கள் வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. நேற்று மாலை 5.15க்கு மட்டும், குளியலறைத் தண்ணீர்க் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டு. தட்டியவர் உயரம் குறைந்தவர் என்று தோன்றுகிறது. இதை நான் பார்க்கவில்லை, ஊகம்தான். காரணம் தெரியவில்லை.

மேலிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு கொடுக்கப்பட்டது.

சத்தம் சரி.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி