விற்ற வண்டியை இரவல் வண்டி என்று எழுதிக் கொடுத்தது குறித்து

அனுப்புநர்
க. கண்ணாயி (வயது 71),
க/பெ. கருப்பண்ணன் (காலமானவர்),
மேலூர்க்காடு, வாழவந்தி நாடு,
கொல்லிமலை.

பெறுநர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: நான் விற்ற மோட்டார் சைக்கிளை வாங்கியவர் இரவல் என்று சொல்வது, அதனால் விபத்து வழக்கு என் மேல் வந்தது – விசாரணை கோருதல் சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாவது வரை படித்தவள். இந்த மனுவை நானேதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கலாம், சங்கதி கோணல் இல்லை.

2. மேற்படி வண்டியை 2016இல் என் மிளகு விற்று என் பெயரில் வாங்கினேன். எங்கள் ஊரில் பெண் பெயரில் வந்த முதல் வண்டி அதுதான். என் மகன் மணிவண்ணன் ஓட்டினான்.

3. 10.09.2023 ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி பஸ் போன பிறகு, அடிவாரத்தைச் சேர்ந்த அருணாசலம் மகன் கதிர்வேல் என்பவருக்கு வண்டியை விற்றேன். ஊர்க்கவுண்டர் குப்புசாமி முன்பாக வெற்றிலை மாற்றினோம். கதிர்வேல் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார், மேல் பொத்தான் இல்லை.

4. எங்கள் மலையில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போக வேண்டும். வண்டிக்கும் அப்படியே செய்தேன். சாவியில் இருந்த என் மஞ்சள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன். கதிர்வேல் தன் இடுப்பில் இருந்த சிவப்புக் கயிற்றில் ஒரு துண்டு அறுத்துச் சாவியில் கட்டினார்.

5. இதில் என் தவறு ஒன்று உண்டு. கயிற்றைப் போல ஆர்.சி. புத்தகத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டேன். அவருக்கு நகல்தான் கொடுத்தேன். "பேரெல்லாம் நான் பாத்து மாத்திக்கிறனுங்க அம்மாயி, நீங்க எதுக்கு மலை எறங்கி அலையோணும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் புத்தகத்தைக் கேட்டு வரவில்லை. விற்றதை உங்கள் அலுவலகத்துக்குப் பதினான்கு நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன்.

6. என் பெயரில் இருந்த இன்சூரன்ஸ் 2024 மார்ச்சில் முடிந்துவிட்டது. அவர் புதுப்பிக்கவில்லை. 14.11.2025 அன்று காரவள்ளி அருகே கதிர்வேல் ஓட்டிய வண்டி மோதியதில், கிழங்கு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த யமுனா என்ற பெண்ணுக்குத் தொடை எலும்பு முறிந்தது. வண்டி என் பெயரில் இருப்பதால் நீதிமன்ற நோட்டீஸ் எனக்கு வந்துள்ளது. கதிர்வேலோ போலீசில், "கொல்லிமலையில் தெரிந்த பாட்டியிடம் இரவல் வாங்கிய வண்டி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

7. இவருடைய அப்பா 1998இல் மிளகுக் குத்தகைக்கு வந்தபோது எங்கள் ஏணியை இரவல் வாங்கி, ஒரு படியை ஒடித்து, ஒடியவில்லை என்று சாதித்தவர். இந்த மனுவுக்கு அது தேவையில்லை. ஆனாலும் இரவல் எது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

8. இரவல் கொடுப்பவர்கள் கயிற்றோடுதான் கொடுப்பார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது விற்பனை. வண்டி இப்போது காவல் நிலையத்தில் நிற்கிறது. போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். சாவியில் இன்றும் அந்தச் சிவப்புக் கயிறுதான் இருக்கிறது.

9. யமுனாவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்காமல் நான் மட்டும் தப்பிக்க இதை எழுதவில்லை. சட்டம் என்னை நஷ்டஈடு கொடுக்கச் சொன்னால் என் மிளகுக் காட்டை வைத்தாவது கொடுப்பேன். ஆனால் விற்ற பொருளை இரவல் என்று ஒருவர் சொல்லி, அதன் மேல் என் கையெழுத்து விழ விடமாட்டேன்.

ஆகவே ஐயா அவர்கள் கதிர்வேலையும் குப்புசாமியையும் அழைத்து, என் எதிரில் விசாரித்து, 10.09.2023 முதல் வண்டி யாருடையது என்பதை நீதிமன்றத்தில் காட்ட எழுத்தில் தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் சொன்னாலும் முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிடுவேன்.

இணைப்பு: ஆர்.சி. புத்தக நகல், நோட்டீஸ் நகல். மஞ்சள் கயிற்றை இணைக்கவில்லை. அதை நேரில் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போவேன்.

இடம்: மேலூர்க்காடு
நாள்: 09.02.2026

இப்படிக்கு,
க. கண்ணாயி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)